கனவில் வராத எல்மீனா

ஆஸ்மண்ட் லெண்டோரின் படகில் ஏறினால் எல்லோரும் போகிற மணல்திட்டுக்குப் போக முடியாது. அதை அவர் துறையிலேயே சொல்லிவிடுவார்.

"அங்க போனா மணல் தெரியாது, மனுஷங்க முதுகுதான் தெரியும். முதுகு பாக்கவா இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தீங்க?"

சிலர் சிரித்துக்கொண்டே ஏறுவார்கள். சிலர் விலகிப்போவார்கள். விலகியவர்களைப் பக்கத்துப் படகுக்காரர் கெல்வின் கைகொடுத்து ஏற்றிக்கொண்டு, "கேப்டன், உன் புண்ணியத்துல என் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுது!" என்று கத்துவார்.

"போகட்டும், போகட்டும். அப்பனை மாதிரி ஆகாம இருந்தா சரி!" என்று இவர் பதிலுக்குக் கத்துவார்.

சுற்றுலாக்காரர்கள் வரும் மாதங்களில், கரீபியக் கடலில் கிடக்கிற கேரியக்கூ தீவின் படகுத்துறையில் காலை இப்படித்தான் விடியும்.

ஆஸ்மண்ட் காட்டுகிற இடங்கள் எந்த விளம்பரத்தாளிலும் கிடையாது. சதுப்புக்காட்டுக்குள் படகு ஒண்டிப்போகிற அளவுக்கு ஒரு வாய்க்கால் இருக்கிறது. மரவேர்களில் சிப்பி கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும். கத்தியால் பெயர்த்து, எலுமிச்சை பிழிந்து, கையிலேயே கொடுப்பார். எலுமிச்சைச் சாறு காய்ச்சிக் கப்பலேற்றிய காலத்துக் கல்கட்டடம் ஒன்று இருக்கிறது. கூரை போய்விட்டது, நடுக்கூடத்தில் ஓர் அத்திமரம் குடியிருக்கிறது. கூழைக்கடாக்கள் குஞ்சு பொரிக்கும் பாறை ஒன்று. அப்புறம் கிழக்குக் கரையில் அந்தப் பாறைக்குளம். வெளியே கடல் அடித்துக்கொண்டிருக்க, உள்ளே தண்ணீர் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் அசையாமல் கிடக்கும்.

பாறைக்குளத்துக்குப் போனதும் எல்லோரையும் போனை எடுத்துப் பார்க்கச் சொல்வார். சிக்னல் ஒரு கோடுகூட இருக்காது. "இப்ப உங்களை யாராலயும் கூப்பிட முடியாது. காசு கொடுத்தது இதுக்குத்தான்" என்பார். அவருடைய வேடிக்கைகளிலேயே அதிகம் விலைபோனது அதுதான்.

இப்போது அதைச் சொல்வதில்லை. ஏழு வருஷத்துக்கு முன் ஒரு மார்ச் மாதக் காலையில், கனடாவிலிருந்து வந்த ஒரு தம்பதியிடம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த வேளையில், வீட்டில் அவர் மனைவி எல்மீனா அடுப்படியில் விழுந்தார். அடுத்த வீட்டில் ரம் கடை வைத்திருக்கும் ஜெனெல்லா சத்தம் கேட்டு ஓடினார். மடியில் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆஸ்மண்டுக்குப் போன் போட்டார். மறுபடி போட்டார். போட்டுக்கொண்டே இருந்தார்.

படகு முனையைச் சுற்றி வந்தபோது துறையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. துறையில் யாரும் கத்தாமல் நின்றால் என்ன அர்த்தம் என்பது எந்தப் படகுக்காரருக்கும் தெரியும்.

ஒரே மகள் டெஸ்லின் ப்ரூக்ளினில் இருக்கிறாள். இருபத்திரண்டு வயதில் சுற்றிப்பார்க்க விசா வாங்கிப் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். முதியோர் இல்லமொன்றில் வேலை. கையில் முறையான காகிதம் ஒன்றும் இல்லை. வெளியே கால் வைத்தால் பத்து வருஷம் திரும்ப நுழைய முடியாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். அப்போது அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அம்மாவின் அடக்கத்தை ஜெனெல்லா பிடித்துக்கொண்டிருந்த போனில்தான் பார்த்தாள். எல்மீனாவின் ஆட்களெல்லாம் கிடக்கிற பாப்தீஸ்த் குடாவின் கல்லறைத் தோட்டத்தில், கடலைப் பார்த்த மேட்டில் புதைத்தார்கள்.

எங்கள் தீவில் புதைப்பது ஒரு வேலை, கல் வைப்பது வேறு வேலை. புதைக்கிற அன்று மண்மேடும் மரச்சிலுவையும் போதும். கல் பிறகுதான். இரண்டு வருஷமும் ஆகலாம், பத்தும் ஆகலாம். இறந்தவரே யாருடைய கனவிலாவது வந்து கேட்கவேண்டும். கேட்டுவிட்டால் ஆடு வெட்டி, பெரிய மேளம் கட்டி, ஊரைக் கூட்டவேண்டும். கல்லை வீட்டுக்குள் கொண்டுவந்து வெள்ளைத் துணியால் போர்த்தி வைப்பார்கள். மூத்த பிள்ளை அதன்மேல் தண்ணீர் ஊற்றி, பிறகு ரம் ஊற்றும். உள்ளறையில் இறந்தவருக்கு உப்பில்லாமல் சமைத்த ஒரு தட்டு வைத்துக் கதவைச் சாத்துவார்கள். கல் நட்ட அன்றுதான் அவர் போய்ச்சேருகிறார். அதுவரை இங்கேதான் எங்கேயோ நின்றுகொண்டிருக்கிறார். அவர் கேட்காமல் நாமாகக் கல்லை வைப்பது, வந்த விருந்தாளியிடம் செருப்பை எடுத்துக் கொடுப்பதுபோல.

கனவு வந்தவர் அதை மறைக்கக் கூடாது. வராத கனவை வந்ததாகச் சொல்லவும் கூடாது. மீன் பிடித்த கதையில் பொய் சொல்லலாம், கட்டிய மனைவியிடம் பொய் சொல்லலாம், பாதிரியாரிடமே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இறந்தவர் பெயரில் கனவைக் கட்டிச் சொன்னவனிடம் அந்த ஆள் அதன் பிறகு ஒருபோதும் வரமாட்டார். அப்படிச் சொல்லத் துணிந்தவன் என்று ஒருவனை இந்தத் தீவில் நான் கேள்விப்பட்டதில்லை.

ஆஸ்மண்ட் காத்திருந்தார். காலையில் படகுக்குப் போகுமுன் ஜெனெல்லா கடையில் கோக்கோ குடிப்பார். கோப்பையை நீட்டும்போதே ஜெனெல்லா கேட்டுவிடுவார்.

"வந்தாளா?"

"வரல."

"நீ விடற குறட்டைக்கு உசிரோட இருக்கறவளே கிட்ட வரமாட்டா. செத்தவ எங்கருந்து வருவா?"

"முப்பது வருஷம் அதைக் கேட்டுத்தான தூங்கினா."

"தூங்கினான்னு யார் சொன்னது? இந்த பெஞ்சுல வந்து உக்காந்து கொட்டாவி விடுவா பாவம்."

கடையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆஸ்மண்டும் சிரிப்பார். ஒருநாள் சிரித்து முடித்து, கோப்பையை வைத்துவிட்டு, "கோவம் அவளுக்கு. கூப்பிட்டப்ப நான் எடுக்கலையே" என்றார்.

"கூப்பிட்டது நான். அவ இல்ல."

"உன் போன்லேருந்து அவதான் கூப்பிட்டா" என்றார்.

பாப்தீஸ்த் குடாவைக் கடல் தின்னத் தொடங்கி வெகுநாளாகிறது. பழியைக் கடல்மேல் மட்டும் போட முடியாது. தீவில் எந்த வீட்டுச் சுவரைச் சுரண்டினாலும் அந்தக் குடாவின் மணல்தான் உதிரும். ஆஸ்மண்டும் இளவயதில் மாமாவின் லாரியில் அங்கேதான் அள்ளினார். கல்லறைகளைக் கட்டிய சிமெண்டிலும் அதே மணல். செத்தவர்களுக்கு வீடு கட்ட அவர்கள் வாசல் மண்ணையே அள்ளினோம். கரை தாழ்ந்தது, அலை உள்ளே வந்தது. முதல் வரிசைக் கல்லறைகள் சாய்ந்தன. பிறகு ஒன்றொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின.

ஆஸ்மண்ட் அந்தக் குடாவுக்கு மட்டும் யாரையும் கூட்டிப்போனதில்லை. ஆனால் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பெண் தனியாக நடந்தே போய்விட்டாள். தண்ணீருக்குள் ஒரு சிமெண்ட் சிலுவை, அதன்மேல் ஒரு கூழைக்கடா. அந்தப் படம் இணையத்தில் ஏறியது. கரீபியனில் யாரும் அறியாத இடங்கள் என்ற பட்டியலில் யாரோ அதைச் சேர்த்தார்கள். அடுத்த டிசம்பரில் துறைக்கு வந்த ஆட்களெல்லாம் போனைத் திறந்து அதே படத்தை நீட்டினார்கள்.

"இங்க கூட்டிட்டுப் போவீங்களா?"

"போகமாட்டேன். அது வேடிக்கை பாக்கற இடம் இல்ல."

அந்த வருஷம் முழுக்க மறுத்தார். கெல்வின் மறுக்கவில்லை. ஆட்கள் மண்மேடுகளின்மேல் ஏறி நின்று படமெடுப்பதாகச் செய்தி வந்தது. ஆஸ்மண்ட் யோசித்தார். கெல்வின் கூட்டிப்போகிறவன் அவள்மேல் ஏறி நிற்பான். நானே கூட்டிப்போனால் ஏறவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். கடல் எவ்வளவு வந்திருக்கிறது என்றும் தினம் பார்த்துவிடலாம்.

அப்படித்தான் போகத் தொடங்கினார். எல்மீனாவின் மேட்டருகே ஒரு மான்சினீல் மரம் இருந்தது. பார்க்கப் பச்சை ஆப்பிள் மரம் மாதிரி இருக்கும். பால் பட்டால் தோல் வெந்துபோகும். "அந்தப் பக்கம் போகாதீங்க, அந்த மரத்து நிழலே ஆகாது" என்று எல்லோரையும் தள்ளியே நிறுத்துவார். யாராவது அந்த மரச்சிலுவையைக் காட்டி, இங்கே யார் என்று கேட்டால், "ஒரு பொம்பளை. நல்லா சமைப்பா" என்பார். அதற்குமேல் சொல்லமாட்டார்.

டிசம்பர் கடைசியில் வடக்கே எங்கேயோ புயல் அடித்தது. இங்கே வெயில்தான். ஆனால் நல்ல வெயிலில் அலை மட்டும் மலைமலையாக எழுந்துவந்தது. மூன்றாவது வரிசை போய்விட்டது. அடுத்தது எல்மீனாவின் மேடு. ஆஸ்மண்ட் ஜெனெல்லா கடையில் எல்மீனாவின் அண்ணன் கத்பர்ட்டைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். குடும்பத்தில் மூத்தவர் அவர்தான். அவர் சொல்லாமல் ஒரு பிடி மண்ணைத் தொட முடியாது.

"மேல உங்க நிலம் இருக்கில்ல, அங்க கொண்டுபோய் வெச்சுரலாம். கல்லையும் வெச்சுரலாம்."

"அவ கேட்டாளா?" என்றார் கத்பர்ட்.

"கேக்கல."

"அப்ப தோண்டக்கூடாது. தூங்கறவளை இழுத்து வெளிய போடுவியா?"

"நான் போடலன்னா கடல் இழுத்துப் போடும், கத்பர்ட்."

"கடல் போட்டா அது கடலோட பாவம். நாம போட்டா நம்ம பாவம்."

"பாவத்தைப் பங்கு பிரிச்சது போதும்" என்றார் ஜெனெல்லா. "ஏழு வருஷமா அவ யாருகிட்டயும் போகாம இருப்பாளா? வாய் மூடிட்டு இருக்கற பொம்பளையா அவ? ப்ரூக்ளின்ல கேட்டியா?"

"கேட்டேன். டெஸ்லின் இல்லைங்கறா."

"நல்லாக் கேட்டியா?"

"போன மாசமும் கேட்டேன். 'அம்மா எனக்கும் வரலப்பா'ங்கறா."

கத்பர்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வருவா. தண்ணி கிட்ட வந்தா தானா வந்து சொல்லுவா. அதுவரைக்கும் பொறு."

ஜனவரியில் ஒருநாள் காலை மூன்று சுற்றுலாக்காரர்களோடு குடாவுக்குள் படகைத் திருப்பியபோது மான்சினீல் மரம் நின்ற இடத்தில் வானம் தெரிந்தது. மரம் வேர்களை மேலே காட்டிக்கொண்டு தண்ணீரில் குப்புறக் கிடந்தது. மேட்டைக் கத்தியால் அறுத்த அல்வா மாதிரி கடல் நேர்க்கோடாக வெட்டியிருந்தது. வெட்டிய முகத்தில் செம்மண் ஈரமாக இருந்தது. மண்மேடும் இல்லை, சிலுவையும் இல்லை.

வந்தவர்கள் படமெடுத்தார்கள். ஆஸ்மண்ட் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். குனிந்து, இரண்டு கையாலும் அடிமண்ணைத் துழாவினார். அவர் சங்கு தேடுகிறார் என்று நினைத்த ஒரு பெண்மணி தானும் இறங்கித் தேடினாள். அவள் கைக்கு ஏதோ அகப்பட்டது. பித்தளை வளையம், ஒரு முனையில் திருகாணியோடு.

"இது என்ன?" என்று ஆசையாகத் தூக்கிக் காட்டினாள்.

சவப்பெட்டியின் கைப்பிடி. ஆஸ்மண்ட் அதை வாங்கித் துடைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "படகோட சாமான்" என்றார்.

ஒப்புக்கொண்டபடி அவர்களைப் பாறைக்குளத்துக்கும் கூட்டிப்போனார். சிப்பி பெயர்த்துக் கொடுத்தார். திரும்பிவந்து, ஜெனெல்லா கடை பெஞ்சில் எதுவும் வாங்காமல் உட்கார்ந்தார். நனைந்த சட்டையைப் பார்த்ததுமே ஜெனெல்லாவுக்குப் புரிந்துவிட்டது. சாயங்காலம்வரை ஊரே தண்ணீரில் இறங்கித் தேடியது. கெல்வின் தன் படகில் வந்த ஆட்களைத் துறையிலேயே விட்டுவிட்டு வந்து முக்குளித்துத் தேடினார். இரண்டு பலகை கிடைத்தது. வேறு எதுவும் கிடைக்கவில்லை.

அன்றைக்கே டெஸ்லினுக்குச் சொன்னார். கேட்டதும் அவள் போனை வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவள் கூப்பிட்டபோது நானும் படகில் இருந்தேன். தீவின் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போகவேண்டியிருந்ததால் தொற்றிக்கொண்டிருந்தேன். ஏறும்போது துறையில் கெல்வின், "வந்தாங்களா, கேப்டன்?" என்று மெதுவாகக் கேட்டார். இந்த முறை கேலி இல்லை. "வரல. இனி எங்கேருந்து வர?" என்றார் ஆஸ்மண்ட். சதுப்புக்காட்டு வாய்க்காலில் படகு நின்றிருந்தது. வந்திருந்தவர்கள் கொஞ்சதூரத்தில் நீந்திக்கொண்டிருந்தார்கள். ஆஸ்மண்டின் கையெல்லாம் சிப்பிச் சேறு. "ஸ்பீக்கர்ல போட்டுப் பிடி" என்றார். நான் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, ஒன்னு சொல்லணும். திட்டக்கூடாது."

"சொல்லும்மா."

"அம்மா வந்தாங்க."

கத்தி நின்றது. "எப்ப? நேத்தா?"

"மூணு வருஷமா வர்றாங்கப்பா."

தூரத்தில் நீந்தியவர்கள் எதற்கோ சிரித்தார்கள். ஆஸ்மண்ட் கத்தியைப் பலகையில் வைத்தார். "கல்லு கேட்டாளா?"

"முதல்ல கேட்டாங்க. ரெண்டு மூணு தடவை கேட்டாங்க. அப்புறம் கேக்கறதை விட்டுட்டாங்க. இப்ப கொஞ்ச நாளா வாசல்ல வந்து நிக்கறாங்க, இங்க, எங்க வீட்டு வாசல்ல. 'கால் நனையுதுடி, உள்ள வரட்டுமா'ன்னாங்க. நான் எழுந்து போய் நெஜமாவே கதவைத் திறந்து பாத்தேன்ப்பா."

"நான் கேட்டப்ப இல்லைன்னியே."

"சொன்னா நீங்க கல்லு வெப்பீங்க. வெச்சா நான்தான வந்து தண்ணி ஊத்தணும்? நான் அங்க வந்தா திரும்ப இங்க விடமாட்டாங்க. ஜேடனுக்கு ஆறு வயசுதான் ஆகுது. பேப்பர் வந்துரும், இதோ வந்துரும்னு வக்கீல் சொல்லிட்டே இருந்தான். கையில வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். கடல் இவ்வளவு சீக்கிரம் வரும்னு…"

அவள் அழுதாள். அழுகை அடங்கியபோது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"நான் வரேன்ப்பா. டிக்கெட் பாத்துட்டேன். ஜேடன் அவங்கப்பாவோட இருக்கட்டும், பத்து வருஷம் ஓடிப்போகும். பெத்தவளைத் தண்ணியில நிக்க வெச்சுட்டேன். வந்து என் கையால ஊத்தலன்னா எனக்குத் தூக்கம் வராது."

ஆஸ்மண்ட் நிமிர்ந்து வாய்க்காலின் இரண்டு கரையையும் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"டிக்கெட் எடுக்காத" என்றார்.

"அப்பா, நான் முடிவு பண்ணிட்டேன்."

"எடுக்காதன்னா எடுக்காத. உங்கம்மா நேத்து எனக்கு வந்தா."

"நெஜமாவாப்பா? உங்களுக்கா? என்ன சொன்னாங்க?"

"கல்லை மேல கத்பர்ட் நிலத்துல வெச்சுருன்னா. தண்ணி நீயே ஊத்துன்னா. பிள்ளையை அலைக்கழிக்காதன்னா. நீ வந்துட்டா ஜேடன் அழுவானாம்."

"ஜேடன்னு பேரைச் சொன்னாங்களா? அவங்க போனப்ப அவன் பொறக்கவே இல்லையே!"

ஆஸ்மண்ட் கையிலிருந்த சேற்றைச் சுரண்டினார். "அங்க எல்லாம் தெரியும் போல இருக்கு" என்றார்.

டெஸ்லின் அழுகையோடு சிரித்தாள். பிறகு பயந்த குரலில், "என் மேல கோவமா இருந்தாங்களாப்பா?" என்றாள்.

"உன் மேலயா? அவளுக்கு ஒரே கோவம்தான். அது என் மேல. உன்னைப் பத்திப் பேசறப்ப சிரிச்சா."

போனை வாங்கி அணைத்தார். கையைக் கடல்நீரில் கழுவினார். கத்தியைக் கழுவினார். கழுவியதையே மறுபடி கழுவினார்.

"நீ இன்னைக்கு என் படகுல வரல" என்றார்.

"வரல" என்றேன்.

அவர் கேட்டதை நான் காப்பாற்றித்தான் வருகிறேன். இங்கே யாரிடமும் சொல்லவில்லை. டெஸ்லினுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

செய்தி அவருக்கு முன்னாலேயே கரையேறிவிட்டது. டெஸ்லின் உடனே மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். துறைக்குத் திரும்பியபோது கத்பர்ட் கடையில் உட்கார்ந்திருந்தார். இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். கனவு என்றால் எங்கள் ஊரில் விசாரணை உண்டு. எந்தப் பக்கமிருந்து வந்தார், என்ன கேட்டார், எப்படிப் போனார். எல்லாம் சொல்லவேண்டும்.

"சாப்பிடக் கேட்டாளா?" என்றார் கத்பர்ட்.

"கேட்டா. சோளக்களியும் துவரையும்."

"ஆட்டுக்கறி?"

"ஆட்டைப் பத்தி எங்கண்ணன்கிட்டக் கேளு, அந்த ஆள்தான் ஒளிச்சு வெச்சிருக்காருன்னா."

எல்லோரும் சிரித்தார்கள். எல்மீனாவின் பேச்சு அப்படியே இருக்கிறதே என்றார் ஒருவர். கத்பர்ட்டும் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன உடுத்தியிருந்தா?"

"நீல கவுன்" என்றார் ஆஸ்மண்ட்.

கண்ணாடித் தம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெனெல்லாவின் கை நின்றது. கல் வைக்கும்வரை இறந்தவர் புதைத்த உடுப்பில்தான் வருவார். அது குழந்தைக்கும் தெரியும். எல்மீனாவைக் குளிப்பாட்டி உடுத்தியவர் ஜெனெல்லா. கழுத்தில் பின்னல் வைத்த வெள்ளை உடுப்பு. தேவாலயத்துக்குப் போகிற உடுப்பு. கத்பர்ட் அப்போது ட்ரினிடாடில் இருந்தார். அடக்கத்துக்கு மறுநாள்தான் வந்துசேர்ந்தார். நீல கவுன் எல்மீனா சனிக்கிழமைகளில் சந்தைக்குப் போட்டுக்கொண்டு போவது. ஆஸ்மண்டுக்கு மனைவி என்றால் அந்த நிறம்தான் கண்ணில் வந்திருக்கிறது.

கத்பர்ட் திரும்பி ஜெனெல்லாவைப் பார்த்தார். "நீலமா போட்டு அனுப்பினீங்க?"

ஜெனெல்லா தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நீலம்தான். நான்தான உடுத்திவிட்டேன், எனக்குத் தெரியாதா?"

ஆஸ்மண்ட் அப்போதுதான் தன் தவறை உணர்ந்திருக்கவேண்டும். ஜெனெல்லாவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஜெனெல்லா அவர் முன்னால் ஒரு ரம்மை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

பிப்ரவரியில் கல் வைத்தார்கள். ட்ரினிடாடிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கெல்வின் ஆடு அறுத்தார். கல்லை வீட்டுக்குள் வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தார்கள். ஜெனெல்லா போனை அதன் பக்கமாகப் பிடித்துக்கொண்டார். டெஸ்லின் முதியோர் இல்லத்தில் துணி அடுக்கும் அறைக்குள் நின்று பார்த்தாள். ஜேடனையும் கூட்டிவந்திருந்தாள். "ஹலோ பாட்டி" என்று அவன் கல்லுக்குக் கையாட்டினான். ஆஸ்மண்ட் தண்ணீர் ஊற்றினார். ரம் ஊற்றும்போது பாதி தரையில் போனது. கத்பர்ட் நிலத்தில் குழியில் அந்த இரண்டு பலகையையும் பித்தளைக் கைப்பிடியையும் வைத்து, மேலே கல்லை நிறுத்தினார்கள். அங்கிருந்து பார்த்தால் குடா முழுசும் தெரியும்.

மேளம் சாயங்காலம்வரை அடித்தது. பிறகு உள்ளறைக் கதவைத் திறக்கிற நேரம் வந்தது. இறந்தவர் சாப்பிட்டு முடித்த தட்டை வெளியே எடுத்து எல்லோருக்கும் ஒரு வாய் பகிரவேண்டும். கணவன் இருந்தால் அவர்தான் கதவைத் தட்டவேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திறக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். பிள்ளைகள் கதவருகே நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்மண்ட் கதவுவரை போனார். கையை உயர்த்தினார். வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

"நீ கூப்பிடு கத்பர்ட்" என்றார். "எனக்குத் தொண்டை கட்டிருச்சு."

கத்பர்ட் தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கதவைத் திறந்தார். பிள்ளைகள் ஓடினார்கள். ஆஸ்மண்ட் முற்றத்துக்குப் போய்ப் பெரிய சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்க்கத் தொடங்கினார். தேய்க்கவேண்டிய சட்டியே அல்ல அது. அதில் இன்னும் களி இருந்தது. ஜெனெல்லா ஒரு இலைத்துண்டில் களியும் துவரையும் கொண்டுவந்து நீட்டினார்.

"அவ தட்டுல இருந்தது. உன் பங்கு."

"பிள்ளைங்களுக்குக் குடு."

"எல்லாருக்கும் குடுத்தாச்சு. இது உன்னோடது, ஆஸ்மண்ட். யாரும் பாக்கல, வாயில போடு."

"யாரும் பாக்கலன்னா?" என்றார். சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஜெனெல்லா இலையை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த வாரக் கடைசியில் டெஸ்லின் கூப்பிட்டாள். அம்மா அதன் பிறகு வரவே இல்லை என்றாள். விடியும்வரை அயர்ந்து தூங்குகிறேன் என்றாள்.

"வாசல்ல யாரும் நிக்கலையே?"

"இல்லப்பா."

"அப்ப சரி. கதவை நல்லாச் சாத்திட்டுத் தூங்கு."